அடுப்பு இல்லாத ஊர்

எட்வின்,

நலமா என்று கேட்டுத் தொடங்கப் போவதில்லை. நேற்று சாயங்காலம்தான் போனில் பேசினோம். நீயும் ஷீபாவும் குழந்தையும் நன்றாக இருக்கிறீர்கள். நானும் நன்றாக இருக்கிறேன், கால் வீக்கம் வடிந்துவிட்டது. போனிலேயே சொல்லியிருக்கலாமே, எதற்கு இந்த மனிதர் திருத்தணியிலிருந்து தாள் தாளாக எழுதி ஹைதராபாத்துக்குத் தபாலில் அனுப்புகிறார் என்று நீ நினைப்பாய். போனில் நான் எதையாவது ஆரம்பித்தால், "விடுங்கப்பா, அதெல்லாம் பாத்துக்கலாம்" என்று முடித்துவிடுவாய். கடிதம் என்றால் குறுக்கே பேச முடியாது. கடைசி வரை படித்துத்தான் ஆக வேண்டும்.

நீ அனுப்பிய நான்கு ஊர்ப் படங்களும் வந்து சேர்ந்தன. கொச்சி, மைசூர், புதுச்சேரி, கோவா. "ஒண்ணு செலக்ட் பண்ணுங்கப்பா, கிறிஸ்துமஸுக்கு அஞ்சு நாள் போய்ட்டு வந்துரலாம்" என்று கேட்டிருந்தாய். ஏன் என்று நீ சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. அம்மா போய் பத்து மாதம் ஆகிறது. அவள் இல்லாத முதல் கிறிஸ்துமஸ் இது. சாவு நடந்த வீட்டில் அந்த வருஷம் நட்சத்திரம் கட்டுவதில்லை, பலகாரம் சுடுவதில்லை. சபையிலிருந்து வீடு வீடாகப் பாட வருகிறவர்கள்கூட நம் வாசலில் மேளத்தை நிறுத்திவிட்டு, உள்ளே வந்து ஒரு ஜெபம் மட்டும் பண்ணிவிட்டுப் போவார்கள். அப்படிப்பட்ட வீட்டில் அப்பாவைத் தனியாக உட்கார வைக்கக் கூடாது, தானும் வந்து உட்கார முடியாது என்று நினைத்திருக்கிறாய். நல்ல பிள்ளை நீ. இதை நேரில் சொன்னால் உனக்குக் கூச்சமாக இருக்கும், எனக்கும்தான்.

ஆனால் அந்தப் படங்களுக்குக் கீழே நீ எழுதியிருந்த வரியை நான் நாலைந்து தடவை படித்தேன். "கிச்சன் இருக்கற வீடா பாத்து எடுக்கறேன்பா. உங்களுக்கு வெளிய சாப்ட்டா ஒத்துக்காதுல்ல. ஷீபா சமைச்சிடுவா." நேற்று போனில் ஷீபாவிடம் கேட்டேன், "உனக்கு இது சரியாம்மா?" என்று. அவள், "ஆங், பரவால்லீங்க மாமா" என்றாள். அந்த ஆங்கை நான் முப்பத்தாறு வருஷம் இந்த வீட்டில் உன் அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். அதே இழுவை, அதே இறக்கம். அரக்கோணத்துப் பெண்ணுக்கும் திருத்தணிப் பெண்ணுக்கும் அதில் ஒரு வித்தியாசமும் இல்லை. அதைக் கேட்ட பிறகு எனக்கு வேறு வேலை ஓடவில்லை. எந்த ஊர் என்பதைப் பிறகு பார்க்கலாம். முதலில் இந்தச் சமையலறை விஷயத்தைப் பேசித் தீர்க்க வேண்டும். அது தீராவிட்டால் நான் வரப் போவதில்லை.

என் வயிற்றின் கதையை நீ சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன். கல்யாணமான முதல் வருஷம், ரயில்வேயில் சேர்ந்து பயிற்சிக்கு வெளியூர் போயிருந்தேன். அங்கே கண்ட ஓட்டலில் சாப்பிட்டு மஞ்சள் காமாலையோடு திரும்பி வந்தேன். ஆறு மாதத்துக்கு வெளியில் எதையும் சாப்பிடக் கூடாது என்றார் டாக்டர். உன் அம்மா அப்போது புதுப்பெண். அந்த ஆறு மாதமும் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து, எண்ணெய் இல்லாமல் காரம் இல்லாமல் தனியாகச் சமைத்துப் போட்டு என்னைத் தேற்றினாள். உனக்குச் சொன்ன கதை இத்தோடு முடிந்துவிடும். சொல்லாதது என்னவென்றால், ஆறு மாதம் முடிந்ததை நான் அவளிடம் சொல்லவே இல்லை. அவளும் கேட்கவில்லை. விடியற்காலை ரயிலுக்கு நான் கிளம்புவதற்குள் கேரியர் தயாராக இருக்கும். அரக்கோணத்தில் எங்கள் சிக்னல் பிரிவில் எல்லோரும் கேன்டீனுக்குப் போகும்போது நான் மட்டும் கேரியரைத் திறப்பேன். "உனக்கு இன்னாபா, குடுத்து வெச்சவன், தெனம் வூட்டு சோறு" என்பார்கள். எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. வெளியே சாப்பிடும் பழக்கம் இல்லை என்று சொல்வதை ஏதோ ஒழுக்கம் மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தப் பெருமைக்காக அவள் எத்தனை மணிக்கு எழுந்தாள் என்று யோசித்ததில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. நம் ஊரைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆடிக் கிருத்திகைக்கும், டிசம்பர் கடைசியில் படித் திருவிழாவுக்கும் கூட்டம் வந்து இறங்கும். தெருவில் சொந்தக்காரர் இருக்கிறவர்கள் நேராக அந்த வீட்டு வாசலில் போய்ச் செருப்பைக் கழற்றுவார்கள். யாரும் இல்லாதவர்கள் லாட்ஜ் லாட்ஜாகப் பையைத் தூக்கிக்கொண்டு அலைவார்கள். அதைப் பார்த்தே வளர்ந்த எனக்கு, லாட்ஜில் தங்குகிறவன் என்றால் அந்த ஊரில் நாதியற்றவன் என்று மனதில் பதிந்துபோயிற்று. நாம் மலைக்குப் போகிறவர்கள் இல்லை, ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகிறவர்கள்; ஆனாலும் மலைக்குக் கீழே பிறந்தவர்களுக்கெல்லாம் இந்தப் புத்தி ஒன்றுதான். அதனால் உன் அம்மா எந்த ஊரின் பெயரைச் சொன்னாலும் நான் முதலில் கேட்பது, "அங்க நமக்கு யார் இருக்காங்க?" என்பதுதான்.

அவள் ஊர்ப் பெயர் சொல்கிற அந்த ஞாயிற்றுக்கிழமைகள் உனக்கு ஞாபகம் இருக்கும். ரயில்வேக்காரனுக்கு வருஷத்துக்குச் சில முறை குடும்பத்தோடு இலவசமாகப் போய்வர பாஸ் உண்டு. எந்த ஊர் என்று எழுதிக் கொடுத்தால் பாஸ் போட்டுத் தருவார்கள். டிசம்பருக்கு வேண்டுமென்றால் செப்டம்பரிலேயே யோசிக்க ஆரம்பித்துவிட வேண்டும். ஆராதனை முடிந்து வந்து, சாப்பிட்டு, பாயில் உட்கார்ந்து நீங்கள் இரண்டு பேரும் ஊர் தேடுவீர்கள். நீ ரயில் அட்டவணைப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, எவ்வளவு தூரமோ அவ்வளவு நல்ல ஊர் என்று, கௌஹாத்தி, ஜம்மு என்றெல்லாம் சொல்வாய். அவள் சிரித்துவிட்டு, "மைசூர்" என்பாள். கிறிஸ்துமஸ் சமயத்தில் அங்கே அரண்மனைக்கு விளக்குப் போட்டிருப்பார்களாம், அவளோடு படித்த பெண் ஒருத்தி பார்த்துவிட்டு வந்து சொன்னாளாம். வருஷா வருஷம் மைசூர். நானும் வருஷா வருஷம், "அங்க யார் இருக்காங்க?"

ஒரு வருஷம் மைசூருக்கே பாஸ் எடுத்தேன். நீ அப்போது ஒன்றாம் வகுப்பு. பாஸை அவள் கையில் கொடுத்தபோது, திருத்தணி, மைசூர் என்று எழுதியிருந்த இடத்தை விரல் வைத்துப் படித்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா, போகிற வழிதானே என்று பெங்களூரில் இறங்கினேன். அங்கே சாலமோன் பெரியப்பா இருக்கிறாரே, அவர் வீட்டுக்குப் போகாமல் தாண்டிப் போனால் காலத்துக்கும் பேச்சு வரும். ஒரு நாள் இருந்துவிட்டுக் கிளம்பலாம் என்றுதான் சொன்னேன். பெரியம்மாவுக்குக் கை மணிக்கட்டில் வலி. வீட்டில் பதினாலு பேர். "நல்ல சமயத்துல வந்த தாயி" என்று உன் அம்மாவின் கையில் மாவுப் பாத்திரத்தைக் கொடுத்தார்கள். அன்று முழுக்க முறுக்கும் கல்கலாவும் சுட்டாள். மறுநாள் பிரியாணிக்கு வெங்காயம் உரித்தாள். அதற்கு மறுநாள் வந்தவர்களுக்குப் பரிமாறினாள். நீ மாடியில் அண்ணன்களோடு கிரிக்கெட் ஆடினாய், நான் பெரியப்பாவோடு அரசியல் பேசினேன். எனக்குக் கிடைத்த லீவு நான்கு நாளும் அப்படியே ஓடிவிட்டன. பெங்களூர் என்றால் அவளுக்குத் தெரிந்தது அந்தச் சமையலறை ஜன்னலும் எதிர்வீட்டுச் சுவரும்தான்.

திரும்பி வரும்போது பெங்களூர் ஸ்டேஷனில் நம் வண்டிக்காகக் காத்திருந்தோம். அவள் கேட்டாள், "ஏங்க, மைசூர் வண்டி எந்த பிளாட்பாரத்துலருந்து போவும்?" நான் ரயில்வேக்காரன் அல்லவா. எந்தெந்த வண்டி, எத்தனை மணிக்கு, எங்கெங்கே நிற்கும் என்று ஒன்று விடாமல் எடுத்துச் சொன்னேன். அவளும் கேட்டுக்கொண்டாள். அவள் ஏன் கேட்டாள் என்பது எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் உறைக்கவில்லை. சொந்தக்காரர் வீட்டில் நன்றாகக் கவனித்தார்கள், செலவில்லாமல் பண்டிகை முடிந்தது என்று நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

புதுச்சேரி உனக்கு நன்றாகவே நினைவிருக்கும். நீ பத்து வயதுப் பையன். பாஸ் எழுதும்போது அவள் முதல்முறையாக மைசூரைச் சொல்லாமல் புதுச்சேரி என்றாள். நான் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். "யாரும் இல்லீங்க. அதனாலதான் சொல்றேன்" என்றாள். அதை நான் ஏதோ விளையாட்டுப் பேச்சு என்று எடுத்துக்கொண்டேன். சரி, ஒரு தடவை அவள் ஆசைப்படிதான் போவோமே என்று பெரிய மனது பண்ணி ஒத்துக்கொண்டேன். லாட்ஜ்தான் என்றும் ஆயிற்று. ஆனால் கிளம்புகிற அன்றைக்கு, "என் சாப்பாட்டுக்கு இன்னா பண்ணப் போற?" என்று கேட்டேன். "ஆங், எடுத்துக்கறேன்" என்று உள்ளே போய் மண்ணெண்ணெய் ஸ்டவ்வையும் ஒரு பாத்திரத்தையும் அரிசிப் பையையும் கட்டி எடுத்து வந்தாள். சொந்தக்காரர் இல்லாத ஊர் அவளுக்குக் கிடைத்தது. அந்த ஊருக்கும் நான் ஓர் அடுப்பைத் தூக்கிக்கொண்டு போகச் செய்தேன்.

கிறிஸ்துமஸ் அன்று காலை ஆராதனைக்குப் போய்விட்டு வந்தோம். அவள் பட்டுப்புடவையை மாற்றி, பழைய புடவையைக் கட்டிக்கொண்டு, அறைக்குள் புகை அடையக் கூடாது என்று குளியலறையில் ஸ்டவ்வை வைத்துப் பற்றவைத்தாள். நீயும் நானும் வராந்தாவில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மண்ணெண்ணெய் வாசம் மாடி முழுக்கப் போயிருக்கிறது. லாட்ஜ் மேனேஜர் படியேறி வந்து கதவைத் தள்ளினார். "இன்னாம்மா இது, பாத்ரூம்ல அடுப்பு பத்த வெச்சிகினு? லாட்ஜ கொளுத்தப் போறீங்களா? பாத்தா படிச்சவங்க மாதிரி கீறீங்க?" என்று அந்த மாடியில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி கத்தினார். நான் உன்னை வராந்தாவிலேயே நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன். இங்கேதான் நீ பார்க்காதது நடந்தது. இத்தனை வருஷமாக நான் யாரிடமும் இதைச் சொன்னதில்லை, ஜெபத்தில்கூடச் சொன்னதில்லை. நான் அந்த மேனேஜரிடம், "சாரி சார். லேடீஸ், தெரியாம பண்ணிட்டாங்க" என்றேன்.

அவள் குனிந்து ஸ்டவ்வை அணைத்தாள். இவருக்காகத்தான் என்று மேனேஜரிடம் சொல்லவில்லை. நீங்கதானே எடுத்து வரச் சொன்னீங்க என்று கேட்கவில்லை. அரைவேக்காட்டுச் சோற்றை ஒரு பையில் கட்டி ஓரமாக வைத்தாள், முகம் கழுவினாள், "வா நைனா, நாம போய் ஓட்டல்ல சாப்டலாம்" என்று உன்னைக் கூட்டிக்கொண்டு போனாள். நான் அறையிலேயே ரொட்டியும் வாழைப்பழமும் தின்றேன். திரும்பி வந்தபோது நீ குதித்துக்கொண்டு வந்தாய். "அப்பா, அம்மா ரெண்டு மசால் தோசை சாப்ட்டாங்கப்பா, சிரிச்சிகினே சாப்ட்டாங்க" என்றாய். எனக்குச் சுருக்கென்றது. என்னைப் பட்டினி போட்டுவிட்டு இவளுக்குச் சிரிப்பு கேட்கிறதா என்று அன்று முழுவதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். உனக்கு அந்தப் பயணம் கடலும் தோசையும். அவளுக்கு எதுவாக இருந்தது என்று நான் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு செப்டம்பர் ஞாயிறுகளில் அவள் ஊர் சொல்வது நின்றுவிட்டது. "நீங்களே பாருங்க" என்பாள். நான் ஒன்றும் பார்க்கவில்லை. பாஸ் பாட்டுக்கு வீணாகப் போயிற்று. நீ கல்லூரிக்குப் போனாய், வேலைக்குப் போனாய், கல்யாணம் ஆயிற்று. நான் ரிட்டயர் ஆனேன். இனி நேரம்தான் நேரம், எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தபோதே அவளுக்குக் கிட்னி கெட்டுப்போனது தெரியவந்தது.

போன டிசம்பரில் நீங்கள் வருவதற்கு இரண்டு நாள் முன்பு நடந்ததைச் சொல்ல வேண்டும். டயாலிசிஸ் முடிந்து வந்து மத்தியானம் கட்டிலில் படுத்திருந்தாள். அந்த நிலையிலும் காலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எனக்கு ரசம் வைத்திருந்தாள். நான் அதையும் தடுக்கவில்லை என்று நினைக்கும்போது என் மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. பேச்சுவாக்கில் நான் கேட்டேன், "உடம்பு தேறட்டும், அடுத்த கிறிஸ்துமஸுக்கு எங்கனா போலாம். எந்த ஊருனு நீயே சொல்லு." மைசூர் என்பாள் என்று நினைத்தேன். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டே, "நம்மள யாருக்கும் தெரியாத ஊரு" என்றாள். பிறகு கொஞ்சம் சிரித்து, "அங்க அடுப்பே இருக்கக் கூடாது" என்றாள்.

அப்போதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நானும் சிரித்துக்கொண்டே சொன்னேன், "அடுப்பில்லாத ஊர்ல என் வயித்துக்கு இன்னா பண்றது?" அவள், "ஆங், உங்க வயிறு" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். தூங்குகிறாள் என்று நினைத்து வெளியே வந்துவிட்டேன். பிப்ரவரியில் அவளை அடக்கம் பண்ணினோம். என்னிடம் அவள் கடைசியாகக் கேட்டது என்று ஒன்று உண்டென்றால் அதுதான். அதற்கு நான் சொன்ன பதில் அது.

இதையெல்லாம் உன்னை அழவைக்க எழுதவில்லை. நீ அழுவாய், எனக்குத் தெரியும். எழுதும்போது நானும் இரண்டு தடவை கண்ணாடியைக் கழற்றி வைத்தேன். ஆனால் நீயும் என்னைப் போலவே, கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல்தான் இதைச் செய்கிறாய் என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நானும் அவளைக் கொடுமைப்படுத்த வேண்டும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. அடித்ததில்லை, திட்டியதில்லை, சம்பளத்தை அப்படியே கையில் கொடுத்திருக்கிறேன். சபையில் என்னை நல்ல புருஷன் என்றுதான் சொல்வார்கள். நீயும் அப்பாவுக்கு ஒத்துக்கொள்ளாதே என்ற அக்கறையில்தான் சமையலறை உள்ள வீடாகத் தேடுகிறாய். அந்த அக்கறையை உன் கையால் செய்யாமல் ஷீபாவின் கையால் செய்யப் பார்க்கிறாய். வருஷம் முழுக்க வீட்டுக்கும் ஆபீஸுக்கும் ஓடுகிற பெண், ஐந்து நாள் லீவு போட்டு, புது ஊரில் கடை கண்டுபிடித்துக் கொத்தமல்லி வாங்கி எனக்கு ரசம் வைக்க வேண்டுமா? அந்தப் பெண்ணுக்கும் அந்த ஊரில் ஜன்னலும் எதிர்வீட்டுச் சுவரும்தான் மிஞ்ச வேண்டுமா?

நான் வரவில்லை, நீங்கள் போய்விட்டு வாருங்கள் என்று எழுதிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதுவும் ஒரு வகையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதுதான். கிழவன் அங்கே தனியாக இருக்கிறானே என்று நீங்கள் ஐந்து நாளும் போனைப் பார்த்துக்கொண்டே இருப்பீர்கள். பிறகு மைசூர் என்று எழுதப் பேனாவை எடுத்தேன். அம்மா பார்க்காததை நாமாவது போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று. பாதி எழுதிய பிறகு அடித்துவிட்டேன். என் வருத்தத்தைத் தீர்த்துக்கொள்ள ஷீபாவை எதற்கு மைசூருக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டும்? அவள் மாமியாருக்குச் செய்ய வேண்டியதை நான் செய்யவில்லை. அதற்கு அவள் என்ன செய்வாள்?

ஆகவே, ஊரை நான் சொல்லப் போவதில்லை. நீயும் சொல்லாதே. ஷீபாவைக் கேள். கேட்டவுடனே, "எந்த ஊரா இருந்தாலும் பரவால்ல" என்பாள். அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதே, அது நம் வீட்டுப் பெண்கள் பேச்சை முடிக்கிற விதம். போனைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து இரண்டாம் தடவை கேள். அவள் கொச்சி என்றால் கொச்சி. அங்கே அவள் பெரியம்மா இருக்கிறார்கள் என்பதற்காக நீயாக அங்கே தங்க ஏற்பாடு செய்துவிடாதே, பார்க்கப் போவதா வேண்டாமா என்பதும் அவள் இஷ்டம். கோவா என்றால் எனக்கு என்ன, வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்து கடற்கரையில் உட்கார்ந்துகொள்கிறேன். எங்கே போனாலும் அடுப்பில்லாத அறையாகப் பார். நான் வராமல் நீங்கள் மூன்று பேர் மட்டும் போக வேண்டும் என்று அவள் நினைத்தால், அவள் வாயால் அதைச் சொல்ல மாட்டாள். அதையும் நீதான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அப்படியானால் நான் இங்கேயே இருந்துகொள்வேன். வருத்தமே இருக்காது என்று பொய் சொல்ல மாட்டேன், இருக்கும். ஆனால் அந்த வருத்தத்தை உங்கள் தலையில் கட்ட மாட்டேன். இனிமேல் யார் தலையிலும் கட்டுவதாக இல்லை.

அப்பா சாப்பாட்டுக்கு என்ன செய்வார் என்றுதான் நீ இப்போது யோசிப்பாய். அதற்கும் பதில் வைத்திருக்கிறேன். இந்தப் பத்து மாதமும் நானே ஏதோ கஞ்சி வைத்துக் குடித்தேனே தவிர, ஓட்டல் பக்கம் போனதில்லை. ஒத்துக்கொள்கிறதா இல்லையா என்று தெரியாமல் உங்களோடு கிளம்பி வந்து, பாதி வழியில் படுத்துக்கொள்ளக் கூடாது பார். அதனால் நீ படம் அனுப்பிய மறுநாள், திங்கட்கிழமை காலை, பஸ் ஸ்டாண்டு எதிரே இருக்கிற ஓட்டலுக்குப் போனேன். எப்படிக் கேட்பது என்றுகூடத் தெரியவில்லை. சர்வர் பையனில்லை, என் வயதுக்காரர். "இன்னா சார் வேணும்?" என்று அவர் கேட்டதற்கு, "எது லேசா இருக்கும்?" என்று கேட்டேன். இரண்டு இட்லி கொண்டுவந்து வைத்தார். சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கட்டிலில் உட்கார்ந்து வயிறு என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை.

செவ்வாய்க்கிழமை பொங்கலும் வடையும். புதன்கிழமை மத்தியானம் முழுச் சாப்பாடு, சாம்பார், காரக்குழம்பு, அப்பளம், எல்லாம். வியாழக்கிழமை வேண்டுமென்றே பூரி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன், எண்ணெய் சொட்டச் சொட்ட. இன்றைக்கு வெள்ளி. காலையில் மசால் தோசை ஒன்று சாப்பிட்டு முடித்து, கை கழுவப் போன இடத்தில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். சர்வர் வந்து, "இன்னா சார், ஒத்துக்கலயா?" என்று தோளைத் தொட்டார். ஒத்துக்கொண்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதனால் சாப்பாட்டைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம், நைனா. வயிறு நன்றாகத்தான் இருக்கிறது. எத்தனை வருஷமாக நன்றாக இருந்தது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

அப்பா